மூடாத சிடி

சிடி ரெக்கார்டர் பெட்டியின் முகப்பில், பச்சை வெளிச்சத்தில், பதிவு எண் பதினான்கு என்று இருந்தது. பதின்மூன்று என்றுதான் இருக்க வேண்டும்.

ஆஃப்கே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஏப்ரனில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். பதினான்குதான். ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி. அடுப்பில் சூப் ஆறிக்கொண்டிருந்தது. ஆலயத்திலிருந்து வரும் வழியில் நனைந்த கம்பளிக் கோட்டு கதவின் பின்னால் தொங்கி, பின்னறை முழுக்க ஈர ஆட்டின் வாடையையும் கோட்டுப் பையிலிருந்த பெப்பர்மின்ட் மிட்டாயின் வாசனையையும் கலந்து பரப்பிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கடல் பக்கத்து மூடுபனி தோட்டத்தையும் வேலியையும் விழுங்கிவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் டெர்க் வீட்டு விளக்கை மட்டும் மங்கலாக விட்டுவைத்திருந்தது.

சிடியின் உறையை எடுத்துப் பார்த்தாள். அவள் கையெழுத்து. ஆர்கன், வாழ்த்து, சங்கீதம், பத்துக் கட்டளைகள், ஜெபம் என்று வரிசையாக இறங்கி, பதின்மூன்றாவது வரியில் ஆசீர்வாதம். ஆசீர்வாதத்துக்குப் பிறகு எதுவும் கிடையாது. போதகர் கையை இறக்கியதும் ரெக்கார்டரை நிறுத்தியது அவளேதான்.

சபையில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு ஆராதனையைப் பதிவு செய்து கொடுப்பது பத்து வருடங்களாக அவள் வேலை. முதலில் கேசட். மூன்று வருடங்களுக்கு முன் சபை இந்த சிடி ரெக்கார்டரை வாங்கியது. ஞாயிறுதோறும் அதைத் துணிக்கூடையில் வைத்து ஆலயத்துக்குத் தூக்கிப் போவாள். திரும்பக் கொண்டுவந்து பின்னறை மேசையில் வைத்து, பெட்டியின் இடது வாயில் போட்ட சிடியை வலது வாயிலுள்ள வெற்று சிடியில் பிரதி எடுத்து, திங்கட்கிழமை சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். பதிவு முடிந்த ஒவ்வொரு சிடியையும் கடைசியாக 'மூட' வேண்டும். ஒரு பொத்தானை அழுத்திவிட்டு நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மூடாத சிடி இந்தப் பெட்டியில் மட்டும் பாடும். வேறு எந்த வீட்டுப் பெட்டியில் போட்டாலும் கிர் கிர் என்று தேடிவிட்டு நின்றுபோகும்.

மைன்டெர்ட்டுக்குக் கொடுத்தது மூடாத சிடி.

ஐந்து வாரங்களுக்கு முன்பு அது. அன்று தங்கை வீட்டில் காப்பிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான்கு நிமிடம் காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. மதகின் பக்கத்தில் தனியாக இருந்த பழைய மதகுக் காவலர் அவர், எண்பத்தாறு வயது, கண் தெரியாது. போகிற வழிதானே என்று அன்றைக்கே கொடுத்துவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் அவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஆஃப்கே, இது சுத்துது, ஆனா ஒண்ணும் வரலையேம்மா. உனக்குத் தோதுப்பட்டா ஒரு எட்டு வந்து பாக்குறியா?"

"நாளைக்கு வரேன் ஐயா."

திங்கள் மழை. செவ்வாய் பாடகர் குழு. புதன்கிழமை காலை, வீட்டு நர்ஸ் கதவைத் திறந்தபோது அவர் சிடி பெட்டிக்குப் பக்கத்தில், நாற்காலியில், அதன் பக்கமாகக் காதைச் சாய்த்தபடி உட்கார்ந்து செத்திருந்தார். அடக்கம் முடிந்து வீட்டைச் சுத்தம் செய்யப் போன பெண்களில் ஆஃப்கேயும் ஒருத்தி. யாரும் பார்க்காதபோது அந்த சிடியை எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். இன்றைக்குத்தான் தைரியம் வந்தது. இந்த வாரத்துப் பிரதிகள் ஐந்தையும் முடித்துவிட்டு அதை வலது வாயில் போட்டாள். மூடிவிட்டால் அதுவும் மற்ற சிடிக்களைப்போல ஒரு சிடி. மூடாமல் கொடுத்தாள் என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. அவளே அவளிடம் சொல்லிக்கொள்ளவும் முடியாது.

பதினான்கு.

ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு ஓட விட்டாள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, ஒன்றும் இல்லாத இடத்தில் ஓர் அறை இருப்பது தெரிந்தது. சுவர்க் கடிகாரம் ஒன்று கனத்த நாக்கால் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் அடுப்பு எங்கோ முனகியது. அதற்கும் அருகில், மிக அருகில், மூக்கு வழியாக இழுத்து வாய் வழியாக விடும் ஒரு கிழவரின் மூச்சு. பிறகு கிர் கிர் என்று ஒரு தேடல், நின்றது, மறுபடியும் கிர் கிர். இரண்டு நிமிடம் இப்படியே. முடிவதற்கு முன்னால், ஒரு குரல், யாரையும் குறை சொல்லாத குரல்:

"இன்னும் ஒண்ணும் வரலையே."

ஆஃப்கே மூடும் பொத்தானை அழுத்தினாள். பெட்டி யோசித்தது. முகப்பில் 'பிழை' என்று வந்தது. வாயைத் திறக்கும் பொத்தானை அழுத்தினாள். திறக்கவில்லை.

டெர்க்கைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஊரில் ரேடியோ கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவன். அவளும் அவனும் பள்ளியில் ஒரே வகுப்பு.

"டெர்க், பெட்டி சிடியை மூட மாட்டேங்குது. வெளியேயும் துப்ப மாட்டேங்குது."

"வயசாயிடுச்சுல்ல, நம்மள மாதிரி."

"மூணு வருஷம் ஒரு வயசா?"

"இந்த மாதிரிப் பெட்டிக்கு அது தொண்ணூறு. பக்கத்து ஊர்ச் சபையில ஒண்ணு இருக்கு, பதினோரு சிடியைத் தின்னுட்டுப் பன்னண்டாவதுலதான் எழுதும். என் மச்சான் அரை மணி நேரம் முடி காய வைக்கிற மெஷினால சூடு காட்டிட்டுத்தான் அவனோடதை ஆன் பண்ணுவான். ஆர்கன் வாசிக்கிற ரூலோஃப் இருக்கானே, அவன் அதைப் பக்கவாட்டுல நிமித்தி வெச்சிருக்கான். அப்படி இருந்தாத்தான் அதுக்குப் பிடிக்குதாம்."

"நான் என்ன பண்ண? தாலாட்டு பாடவா?"

"உன் குரலுக்கா? அது இன்னும் பயந்துக்கும். இரு, செவ்வாக்கிழமை வந்து பாக்குறேன். பிளக்கை மட்டும் பிடுங்கிடாதே. பாதியில கரண்ட் போச்சுன்னா அந்த சிடி எந்தக் காலத்துலயும் மூடாது."

"டெர்க்." அவள் குரல் தாழ்ந்தது. "நாம பதியாத ஒண்ணை அது தானா பதியுமா?"

"மூணு நொடி சத்தம் இல்லைன்னா அது ஒரு புது நம்பர் போட்டுக்கும். போதகர் தண்ணி குடிச்சா ஒரு நம்பர், மூக்கு சிந்தினா ஒரு நம்பர். ஏன், என்ன பதிஞ்சிருக்கு?"

"ஒண்ணுமில்ல," என்றாள் ஆஃப்கே.

திங்கட்கிழமை பிரதிகளைக் கொண்டுபோனாள். கடைசி வீடு ஃபென்னாவுடையது. இடுப்பு எலும்பு உடைந்து ஒன்றரை வருடமாகக் கட்டிலில் கிடக்கும் ஃபென்னா, சிடியை இரண்டு கையாலும் வாங்கி, சூடான ரொட்டியைப்போல மார்பில் வைத்துக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் வாரம் ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்குது. எனக்குத் திங்கக்கிழமை, உன் சைக்கிள் மணி கேக்குறப்பதான். சிரிக்காதே. நிஜமாத்தான் சொல்றேன்."

"உன் வாய்க்கு நீயே பிரசங்கம் பண்ணலாம் ஃபென்னா."

"பண்ணுவேன், போதகர் பொழப்பு போயிடும்." ஃபென்னா சிரித்து முடித்துவிட்டு உறையைத் தடவினாள். "அந்த மைன்டெர்ட் பாவம், கடைசி வாரமாவது ஆராதனை கேட்டுட்டுத்தானே போனார்?"

கட்டிலுக்குப் பக்கத்தில் தேநீர்க் கோப்பையிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஆஃப்கே அதையே பார்த்தாள்.

"கேட்டார்," என்றாள்.

வீட்டுக்கு வரும்போது நான்கு மணி. அதற்குள் வெளிச்சம் வடியத் தொடங்கியிருந்தது. பின்கதவைத் திறந்ததுமே, சுவரில் விழுந்திருந்த பச்சை நிறத்தைப் பார்த்ததுமே, அவளுக்குத் தெரிந்துவிட்டது. பதினைந்து. சிடியில் மீதி இருந்த இடம், நேற்றுப் பத்து நிமிடம், இப்போது ஏழு.

கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓட விட்டாள். அதே அறை. கடிகாரம். மூச்சு. பிறகு நாற்காலி முனகியது, யாரோ கஷ்டப்பட்டு எழுந்தார்கள். ரப்பர் முனை வைத்த ஊன்றுகோல் ஓட்டுத் தரையில் அமுங்கியது, அதற்குப் பிறகு ஒரு செருப்பு, அதற்குப் பிறகு இழுபட்டு வரும் இன்னொன்று. கடிகாரச் சத்தம் பின்னால் போனது. ஒரு கதவு. திறந்ததும் காற்று அவள் அறைக்குள்ளேயே வந்து அடித்ததுபோல ஒலித்தது. மதகில் தண்ணீர் விழும் இரைச்சல், கொடிக்கம்பத்தில் கயிறு டக் டக் என்று மோதுவது, தூரத்தில் ஓர் ஆட்டின் இருமல். ஊன்றுகோல் சரளைக்கல்லில் இறங்கியது.

அங்கே முடிந்தது.

அந்த வீடு மூன்று வாரமாகப் பூட்டிக் கிடக்கிறது. சாவி சபை மூப்பரிடம் இருக்கிறது.

அன்று அவள் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே வசனத்தைப் பலமுறை படித்தாள். கண் ஓடியது, மனம் சரளைக்கல்லிலேயே நின்றது. மதகிலிருந்து இங்கே வர கரைமேலே இரண்டு கிலோமீட்டர். கண் தெரியாத ஒரு கிழவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவள் கணக்குப் போட விரும்பவில்லை. மனம் தானாகப் போட்டது.

செவ்வாய்க்கிழமை டெர்க் பின்கதவைத் தள்ளிக்கொண்டு, தட்டாமல், அந்த ஊரில் எல்லாரும் வருவதுபோல வந்தான்.

"எங்க நோயாளி?"

மேசைக்கு எதிரே குனிந்து உட்கார்ந்தான். பொத்தான்களை அழுத்தினான். பிழை. பெட்டியின் மண்டையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினான். பிழை. "பிடிவாதக்காரப் பய," என்று சொல்லிக்கொண்டே முகப்பைப் பார்த்தவன் பேச்சை நிறுத்தினான். சத்தம் உள்ளே போவதைக் காட்டும் இரண்டு பச்சைக் கோடுகள், பெட்டி பதிவு செய்யும்போது மட்டும் எரியும் கோடுகள், மெல்ல எழுந்து, மெல்ல விழுந்து, எழுந்து, விழுந்துகொண்டிருந்தன. மூச்சைப்போல.

டெர்க் பெட்டியை முன்னால் இழுத்துப் பின்பக்கம் எட்டிப் பார்த்தான். மின்சாரக் கம்பியைத் தவிர வேறு கம்பி எதுவும் செருகியிருக்கவில்லை.

"எதைப் பதியுது இது?" என்றான்.

"நீயே சொல்லு."

"மின்சார இரைச்சலா இருக்கும்." அவன் எழுந்துகொண்டான். "பழைய பெட்டி. அப்படித்தான்."

"டெர்க், நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

சொன்னாள். மூடாத சிடி, தொலைபேசி, மழை, பாடகர் குழு, ஏப்ரன் பை, ஃபென்னாவிடம் சொன்ன பொய். டெர்க் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே கேட்டான். கேலி செய்யவில்லை.

"நாலு நிமிஷம்," என்றான் கடைசியில். "நாங்க எல்லாருமே அவர் வீட்டைத் தாண்டித்தான் போனோம், ஆஃப்கே. நானும்தான். புதன்கிழமைக்கு முன்னாடி ரெண்டு தடவை." கதவருகே நின்றான். "நீ என் வீட்டுக்கு வந்து இரேன்? மாடி அறை சும்மாதான் கெடக்கு."

"ஊர் என்ன சொல்லும்?"

"இந்த வயசுல ஏதாவது சொன்னா நமக்குப் பெருமைதான்."

அவள் சிரித்தாள். சிரித்ததும் பயம் சற்று விட்டதுபோல இருந்தது, அதனாலேயே போகவில்லை.

அவன் போன பத்தாவது நிமிடம் முகப்பில் பதினாறு வந்தது. மீதி நான்கு. இந்த முறை அவள் நின்றுகொண்டே கேட்டாள். கரைமேல் காற்று. ஊன்றுகோல், செருப்பு, இழுபடும் செருப்பு. மூச்சு இப்போது கனத்திருந்தது. இடையிடையே நின்றது. ஒரு வாயிற்கதவின் கீல். பிறகு ஆலயக் கடிகாரம் மணியடித்தது, மிக அருகில், இந்தத் தெருவில் மட்டும் கேட்கும் அளவு அருகில். செங்கல் பாவிய தெரு. ஊன்றுகோல் செங்கல்லில்.

டக்.

டக்.

நின்றது.

புதன்கிழமை மூடுபனி ஜன்னல் கண்ணாடியிலேயே வந்து ஒட்டிக்கொண்டது. ஆஃப்கே காலையிலிருந்து பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சமைக்கவில்லை. பெட்டியோடு சிடியை உடைத்துவிடலாம், கால்வாயில் எறிந்துவிடலாம் என்று நினைத்தாள். எறிந்தாலும் அது மூடாத சிடிதான். அதிலிருந்து புறப்பட்டு வந்தவர் தெருவில்தான் இருப்பார். மூடினால் மட்டுமே அது முடியும். முகப்பில் நான்கு நிமிட இடம் இருந்தது. அந்த இடம் நிரம்புவதற்குள் பெட்டி ஒருமுறை, ஒரே ஒருமுறை, சொன்னபடி கேட்டால் போதும். அழுத்தினாள். பிழை. முடி காய வைக்கும் மெஷினை எடுத்துவந்து சூடு காட்டி அழுத்தினாள். பிழை. ஜெபம் பண்ணி அழுத்தினாள்.

மூன்றரை மணிக்குப் பதினேழு வந்தது. மீதி ஒன்றும் இல்லை.

கேட்காமல் இருக்கத்தான் நினைத்தாள். விரல் போய் அழுத்தியது.

தாழ்ப்பாள். இரும்பு, துருவோடு, மெதுவாக இழுபடும் தாழ்ப்பாள். பின்கதவில் தாழ்ப்பாள் கிடையாது. அது முன்கதவு. அந்த ஊரில் முன்கதவு கல்யாணப் பெண்ணுக்கும் சவப்பெட்டிக்கும் மட்டும்தான். அவள் வீட்டில் அது கடைசியாகத் திறந்தது கணவன் ரெய்ண்டரைத் தூக்கிப் போனபோது. சிடியில் அது திறந்தது. நடையின் ஓட்டுத் தரையில் ஊன்றுகோல். இந்த அறையின் கதவு. இந்த மேசையின் நாற்காலி பின்னால் இழுபட்டது. அப்போது இன்னொரு நாற்காலி தடாலென்று சாய்ந்தது, யாரோ ஓடினார்கள், பின்கதவு அறைந்து மூடியது. அந்த ஓட்டத்தின் காலடி அவளுடையது. தன் காலடி அவளுக்குத் தெரியும்.

பிறகு மூச்சு. தனியாக.

"ஆஃப்கே?"

மூச்சு.

"இருக்கியாம்மா?"

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. காத்திருக்கும் மூச்சு மட்டும், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், எதையும் எதிர்பார்க்காமல், எதிர்பார்ப்பதை விடவும் முடியாமல். முந்தைய மூன்று நாளும் கேட்டவற்றில் இதைப்போல எதுவும் அவளை அறுக்கவில்லை.

பதினேழு முடிந்தது. பெட்டி தானாக ஒருமுறை உறுமியது. முகப்பில் 'பிழை' வரவில்லை. 'மூடுகிறது' என்று வந்தது. நான்கு நிமிடம், கீழ்நோக்கி எண்ணத் தொடங்கியது.

நடையில் தாழ்ப்பாள் இழுபட்டது. பெட்டியிலிருந்து அல்ல. நடையிலிருந்து.

அவள் எழுந்தாள். பின்கதவு நான்கு எட்டு. வேலிக்கு அப்பால் டெர்க் வீட்டு விளக்கு. நாற்காலி முழங்காலில் இடித்துச் சாயப் பார்த்தது. அவள் அதைப் பிடித்தாள். பிடித்த கையோடு நின்றாள். ஓடினால் என்ன கேட்கும் என்று அவளுக்கு இப்போது தெரியும். அந்த மூச்சு இந்த அறையில் காத்திருக்கும். மறுபடியும். தனியாக.

நாற்காலியை நிமிர்த்தினாள். உட்கார்ந்தாள்.

மூன்று நிமிடம்.

ஊன்றுகோல். செருப்பு. இழுபடும் செருப்பு.

மண்ணெண்ணெய் வாடை. ஈர மண் வாடை.

கதவு திறந்தது. வாசலில் யாரும் இல்லை. எதிர் நாற்காலி பின்னால் நகர்ந்தது. கனத்தில் முனகியது.

இரண்டு நிமிடம்.

"என்னாலதான் ஐயா," என்றாள் ஆஃப்கே. "நாலு நிமிஷம் நான் காத்திருக்கல. கூப்பிட்டப்ப வரல. இப்ப உக்காந்திருக்கேன். எங்கயும் போகல."

மூச்சு. மேசைக்கு எதிரே.

நோயாளிகளின் கட்டிலருகே செய்வதுபோல, வலது கையை மேசைமேல் நீட்டி, உள்ளங்கையை மேல்நோக்கி வைத்தாள்.

ஒரு நிமிடம்.

விரல்கள் வந்தன. ஒவ்வொன்றாக. காகிதம்போல உலர்ந்து, கல்போலக் குளிர்ந்து. மூடிக்கொண்டன.

பூஜ்யம். பெட்டியின் வாய் சுலபமாகத் திறந்து, மூடிய சிடியை நீட்டியது.

கை விடவில்லை.

இழுத்துப் பார்த்தாள். விடவில்லை. இழுக்க இழுக்க மென்மையாக, நன்றியோடு, இறுகியது.

"ஆஃப்கே! பட்டாணி சூப் கொண்டாந்திருக்கேன்!"

டெர்க். பின்கதவு. அவன் பாத்திரத்தோடு உள்ளே வந்தான். அறையைச் சுற்றிப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் வழியாகச் சுவரைப் பார்த்தான்.

"எங்க போயிட்டா?" என்றான் தனக்குள்.

"டெர்க்!" என்றாள். சத்தம் வரவில்லை. முகப்பில் பச்சைக் கோடுகள் எகிறின.

அவன் பாத்திரத்தை மேசையில், அவள் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்தான். ஆவி அவள் முகத்தில் பட்டது. நீட்டியிருந்த சிடியைக் கண்டு முகம் மலர்ந்தான். "அட, மூடிடுச்சே!" அதை எடுத்து, ஊதி, உறைக்குள் போட்டு, பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். கோடுகள் பச்சையைத் தாண்டிச் சிவப்பில் போய் முட்டின. வெறும் வாய்தான் திறந்திருந்தது பெட்டிக்கு. உள்ளே சிடி இல்லை. ஆனாலும் எண் ஓடத் தொடங்கியிருந்தது. பதினெட்டு. ஒரு நொடி. இரண்டு நொடி.

எதிரே, மூச்சு நிம்மதியாக, தாளம் தவறாமல்.

டெர்க் கதவுவரை போனான். நின்று காதைத் தீட்டினான். ஒன்றும் கேட்கவில்லை. ஆளில்லாத வீட்டில் எல்லாரும் செய்வதுபோல, போகும்போது விளக்கை அணைத்தான்.